ஓய்வூதியம் எவ்வளவு வரும்? திருத்தணியிலிருந்து ஒரு கணக்கு

திருத்தணி வட்டாரத்தில் ஏப்ரல் 1 என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாள் நினைவுக்கு வரும். 1960ஆம் ஆண்டு அந்த நாளில்தான், படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லை திருத்தப்பட்டு, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. இங்குள்ள அரசு ஊழியர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டால் வேறொரு ஏப்ரல் 1ஐச் சொல்வார்கள். அது 2003ஆம் ஆண்டின் ஏப்ரல் 1. அதற்கு முந்தைய நாள் வரை பணியில் சேர்ந்தவருக்குச் சாகும்வரை ஓய்வூதியம் உண்டு. அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஒரு தேதி ஒரே பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது.

கடந்த ஜனவரி 3ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்' என்ற அறிவிப்பை வெளியிட்டார். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'டாப்ஸ்' என்கிறார்கள். அதன் பிறகு ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "ஹஜ்ரத், எனக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். நாம் கருவூல அதிகாரி அல்ல. ஆனாலும் மிராஸ் பங்கு பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தில் கணக்குப் போடத் தெரியும் என்று நம்பிக் கேட்கிறார்கள். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்ததில் நமக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு குடும்பத்தின் நிலை. பள்ளிப்பட்டு பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த ஆசிரியர் அவர். 2004இல் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார். 2006 ஜூன் 1ஆம் தேதிதான் காலமுறை ஊதியத்திற்குக் கொண்டு வரப்பட்டார். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அவர் கணக்கில் இருந்த பணம், அரசு போட்ட சமபங்கு, அதன் மீதான வளர்ச்சி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 28 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. பணிக்கொடை கிடையாது. வீட்டுக் கடனுக்கு 9 லட்சம் போனது. மகள் திருமணத்திற்கு 6 லட்சம் போனது. (மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை, செலவு மட்டும் ஏன் பெண் வீட்டுக்கு வருகிறது என்பதை வேறொரு கட்டுரையில் பேசலாம்.) மிச்சம் 13 லட்சம். மாதம் 30,000 ரூபாய் குடும்பச் செலவு என்று வைத்தால் அது 43 மாதங்களுக்கு வரும். அவருக்கு வயது அறுபது. அறுபத்து நான்காவது வயதில் என்ன செய்வது?

"வங்கியில் போட்டு வட்டியில் வாழலாமே" என்று மற்றவர்களுக்குச் சொல்வது எளிது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் நல்ல விகிதம் தருகிறார்கள். ஆனால் வட்டியை விட்டு விலகி வாழ நினைக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. தொழிலில் போடலாம் என்றால், அறுபது வயதில் முதன்முறையாகத் தொழிலில் இறங்கிய பலருடைய கதையை நாம் அறிவோம். ஆகவே மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடும் திட்டம் எல்லா ஊழியருக்கும் பாதகம் என்றால், நம் வீட்டு ஊழியருக்கு அது இரட்டைப் பாதகம். மாதந்தோறும் வரும் ஓய்வூதியம், செய்த வேலைக்குப் பின்னால் தரப்படும் ஊதியம் போன்றது. அதில் மார்க்க ரீதியாக நெருடல் எதுவும் இல்லை. இந்த விஷயத்தை நம் சமுதாய அமைப்புகள் ஏன் இத்தனை காலம் உரக்கப் பேசவில்லை என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

அதே பள்ளியில் அதே பாடத்தை நடத்திய இன்னொரு ஆசிரியர் 2002இல் பணியில் சேர்ந்தார். அவரும் சென்ற ஆண்டே ஓய்வு பெற்றார். அவர் பழைய திட்டத்தில் வருபவர். அவருடைய கணக்கை விரிவாகப் போடுவோம். எல்லாத் திட்டங்களையும் அளக்கும் அளவுகோல் இதுதான்.

1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி, 30 ஆண்டுகள் தகுதியுள்ள பணிக்காலம் இருந்தால் முழு ஓய்வூதியம், அதாவது கடைசி ஊதியத்தில் பாதி. பணிக்காலத்தை ஆண்டாக எண்ணாமல் அரையாண்டாக எண்ணுவார்கள். 30 ஆண்டு என்பது 60 அரையாண்டு. நம் ஆசிரியருக்கு 23 ஆண்டு, அதாவது 46 அரையாண்டு. கடைசி அடிப்படை ஊதியம் 78,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 39,000. அதை 46ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 29,900. இதுதான் அடிப்படை ஓய்வூதியம். இதன் மேல் அகவிலைப்படி வரும். 2025 ஜூலை முதல் அது 58 விழுக்காடாக இருந்தது. 29,900க்கு 17,342. ஆக மாதம் 47,242 ரூபாய்.

பலர் தவறு செய்வது இங்கேதான். அகவிலைப்படியையும் சேர்த்த மொத்தச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி எல்லாவற்றையும் கூட்டி அதில் பாதியை எதிர்பார்க்கிறார்கள். அடிப்படை ஊதியம் தனி, படிகள் தனி. சம்பளப் பட்டியலில் முதல் வரியில் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தவறு, ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறும்போது நடக்கிறது. பழைய திட்டத்தில் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கு வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் அந்தப் பங்கு 15 ஆண்டுகளுக்குப் பிடிக்கப்படும். பிறகு முழு ஓய்வூதியமும் திரும்ப வரும். முழுப் பணிக்காலம் முடித்து 80,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் ஓய்வு பெறுபவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியம் 40,000. மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்தால் 13,333 குறையும், மீதி 26,667. ஆனால் அகவிலைப்படியைக் குறைக்கப்பட்ட தொகைக்குப் பார்க்க மாட்டார்கள், முழு 40,000க்கே கணக்கிடுவார்கள். அது 23,200. ஆக மாதம் 49,867 கைக்கு வரும். தொகுத்தால் அகவிலைப்படியும் குறைந்துவிடும் என்று பயந்து, தேவை இருந்தும் தொகுக்காமல் விட்டு, பிறகு வெளியே கடன் வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி புதிய திட்டத்துக்கு வருவோம். டாப்ஸ் அறிவிப்பின் சாரம் இதுதான்: கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 50 விழுக்காடு உறுதியான ஓய்வூதியம். ஊழியர் தம் பங்காக 10 விழுக்காடு செலுத்துவார். அதற்கு மேல் எவ்வளவு தேவைப்பட்டாலும் அரசு ஏற்கும். பணியில் உள்ளோருக்கு அகவிலைப்படி உயரும்போது ஓய்வூதியருக்கும் உயரும். ஓய்வூதியர் இறந்தால் அவர் பெற்றதில் 60 விழுக்காடு குடும்பத்துக்கு. பணிக்கொடை 25 லட்சம் வரை. தகுதிக்காலம் நிறைவேறாமல் ஓய்வு பெறுவோருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம். ஏற்கெனவே பங்களிப்புத் திட்டத்தில் ஓய்வு பெற்று, ஓய்வூதியம் இல்லாமல் இருப்பவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம். நாம் மேலே சொன்ன பள்ளிப்பட்டு ஆசிரியரின் நம்பிக்கை முழுவதும் இந்தக் கடைசி வரியில்தான் தொங்குகிறது.

முழுத் தகுதிக்காலம் உள்ளவருக்கு 80,000 ரூபாய் ஊதியத்தில் டாப்ஸ் தருவதும் அதே 40,000தான். குடும்ப ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு என்பதைக் கேட்டு, பழைய திட்டத்தைவிட இது அதிகம் என்று சிலர் மகிழ்ந்தார்கள். பழைய திட்டத்தில் 30 விழுக்காடு என்று படித்த நினைவு அவர்களுக்கு. ஆனால் அந்த 30 கடைசி ஊதியத்தில்; இந்த 60 ஓய்வூதியத்தில். 80,000த்தில் 30 விழுக்காடு 24,000. 40,000த்தில் 60 விழுக்காடும் 24,000. இரண்டும் ஒன்றே. பழைய திட்டத்தில் ஊழியர் இறந்த பின் முதல் சில ஆண்டுகளுக்குக் கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியானால் பழையதும் புதியதும் ஒன்றுதானா? வித்தியாசம் சம்பளத்தில் பிடிக்கப்படும் 10 விழுக்காட்டில் இருக்கிறது. பழைய திட்டத்தில் உள்ளவர் ஓய்வூதியத்துக்காக ஒரு காசும் கட்டுவதில்லை. அவர் பொது வருங்கால வைப்பு நிதியில் போடுவது அவர் பணம். ஓய்வு பெறும்போது முழுவதும் அவர் கைக்கே வரும். புதிய திட்டத்தில் 80,000 அடிப்படை ஊதியமும் 46,400 அகவிலைப்படியும் பெறுபவருக்கு மாதம் 12,640 பிடிக்கப்படும். ஒரு முழுப் பணிக்காலத்துக்கு இதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வீட்டின் விலை. இதனால்தான் சி.பி.எஸ். ஒழிப்பு கேட்டுப் போராடியவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் திருப்தி அடையவில்லை. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது பழைய ஓய்வூதியத் திட்டத்தைத்தான் என்று அவர்கள் நினைவூட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்போ அறிவிப்பை வரவேற்று, ஜனவரி 6 முதல் நடக்க இருந்த காலவரையற்ற வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது.

நம் கருத்தைக் கேட்டால், பிடித்தம் கசப்புதான். ஆனால் இறக்கும்வரை மாதம் ஒரு தொகை உறுதி என்பதோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய கசப்பு. அரசின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ககன்தீப் சிங் பேடி தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு அரசு சொன்ன எண்கள்: ஓய்வூதிய நிதியத்தில் ஒரு முறை 13,000 கோடி ரூபாய், பிறகு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11,000 கோடி. இது சிறிய தொகை அல்ல. அரசு வேலையே பார்க்காத பீடித் தொழிலாளியும் விசைத்தறிக்காரரும் செலுத்தும் வரியும் இதில் சேர்ந்திருக்கிறது. அதையும் நாம் பேச வேண்டும்.

எல்லையில் வாழ்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நகரியில் உள்ள உறவினர் ஆந்திர அரசு ஊழியர். அங்கே 2004 செப்டம்பர் 1 முதல் பங்களிப்புத் திட்டம். 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சிக்கு வந்தால் ஒரு வாரத்தில் அதை ரத்து செய்வதாகச் சொன்னார். வந்தபின் ரத்தாகவில்லை. 2023இல் உத்தரவாத ஓய்வூதியச் சட்டம் வந்தது. அதிலும் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி என்றுதான் எழுதியிருந்தது. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டு வந்தது. அதில் 25 ஆண்டு பணிக்கு, கடைசி 12 மாத அடிப்படை ஊதியத்தின் சராசரியில் பாதி. பத்தாண்டு பணிக்குக் குறைந்தது 10,000 ரூபாய். அரக்கோணம் ரயில்வேயில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும், மாநில அரசின் கணக்கை அல்ல. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலம் ஆகியவை பழைய திட்டத்துக்கே திரும்புவதாக அறிவித்தன. அவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் மத்திய அரசோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாடு அந்தத் தேசியத் திட்டத்தில் சேரவே இல்லை. பணத்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. இத்தனை ஆண்டுகள் குறையாகச் சொல்லப்பட்ட அந்த முடிவு, இப்போது மாற்றத்தை எளிதாக்கியிருக்கிறது.

நம் குடும்பங்களில் அரசுப் பள்ளி ஆசிரியரைவிடத் தனியார் பள்ளி ஆசிரியைகளே அதிகம். எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தும் நம் பெண்களைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் பள்ளி வருங்கால வைப்பு நிதியில் பதிவு செய்தாக வேண்டும். அதிலிருந்து வருவது 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம். பத்தாண்டு பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். ஊதியத்தைப் பணியாண்டால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஊதிய உச்சவரம்பு 15,000. இருபது ஆண்டைத் தாண்டியவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 25 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 15,000ஐ 27ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 5,786 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி ஆசிரியையின் 47,000த்தோடு இதை வைத்துப் பாருங்கள். அதுவும் பள்ளி நிர்வாகம் ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தால்தான். முஸ்லிம் நிர்வாகங்கள் நடத்தும் பள்ளிகளும் இதில் விதிவிலக்கல்ல என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். பள்ளிவாசல், மதரஸா பணியாளர்களுக்கு வக்ஃப் வாரியம் மூலம் உலமா ஓய்வூதியம் 1981 முதல் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கக்கூடத் தெரியாத மோதினார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது நம் துறைக்குள் வருகிற ஒரு விஷயம். ஓய்வூதியம் எவ்வளவு என்று கேட்பவர்களில் பாதிப் பேர், இறந்த பின் அது யாருக்கு என்று கேட்பதில்லை. நியமனதாரர் என்று யார் பெயரை எழுதினோமோ அவருக்கே எல்லாம் சொந்தம் என்று பரவலாக நம்புகிறார்கள். அது சரியல்ல. சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆயுள் காப்பீட்டைப் பற்றி 1983இலேயே சொன்னது, நியமனதாரர் பணத்தை வாங்கிக் கொடுப்பவரே தவிர அதற்கு உரிமையாளர் அல்ல என்று. ஷரீஅத்தின் பார்வையும் அதுவே. அவர் கையில் இருப்பது அமானிதம். வைப்பு நிதியில் இருப்பதும், பங்களிப்புத் திட்டத்தில் ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்ததும் இறந்தவரின் சொத்து. கடனும் வஸிய்யத்தும் போக அது வாரிசுகளுக்குப் பங்காக வேண்டும். குழந்தைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மனைவி பெயரில் நியமனம் இருந்ததால் இறந்தவரின் தாய்க்கு ஒரு ரூபாயும் போகாத வீடுகள் நம் மஹல்லாவிலேயே உண்டு. குடும்ப ஓய்வூதியம் வேறு. அது இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து அல்ல. விதிப்படி மனைவிக்கோ கணவனுக்கோ அரசு நேரடியாகத் தருவது. அதைப் பங்கு கேட்டு மைத்துனர்கள் வந்து நிற்பதில் அர்த்தமில்லை என்றே பெரும்பாலான உலமாக்கள் சொல்கிறார்கள். கட்டாயப் பிடித்தத்தின் மேல் அரசு சேர்த்துத் தருவதையும் ஊதியத்தின் பகுதியாகவே பல முஃப்திகள் கருதுகின்றனர். விரும்பிக் கூடுதலாகப் போட்ட தொகைக்கு வருவதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருப்பவர்கள் இப்போதே பார்க்க வேண்டியது பணிப்பதிவேடு. பிறந்த தேதி, காலமுறை ஊதியத்துக்கு வந்த தேதி, ஊதியமில்லா விடுப்பு எத்தனை நாள், பதவி உயர்வு ஆணைகள் பதிவாகியிருக்கின்றனவா என்பதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். ஓர் அரையாண்டு குறைந்தாலும் தொகை மாறும். 78,000 ரூபாய்க் கணக்கில் ஓர் அரையாண்டுக்கு 650 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி, அது சாகும்வரை. தொகுப்பூதியக் காலத்தில் பாதியைச் சேர்க்கும் விதி 2003 ஏப்ரலுக்கு முன் முறைப்படுத்தப்பட்டவர்களுக்கே உதவும். 2006இல் வந்தவர்கள் அதை நம்பிக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். பங்களிப்புத் திட்டத்தில் உள்ளவர்கள் ஆண்டுக் கணக்குத் தாளை எடுத்து, எந்த மாதத்துப் பிடித்தம் விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். பணியிடம் மாறிய மாதங்களில்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

திருத்தணியில் பிறந்த ஓர் ஆசிரியர்தான் குடியரசுத் தலைவரானார். ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளான செப்டம்பர் 5ஐத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாக நாடு கொண்டாடுகிறது. அன்றைக்குப் பள்ளிப்பட்டு ஆசிரியருக்கும் சால்வை போட்டார்களாம். சிறப்புக் கருணை ஓய்வூதியத்துக்காக அவர் ஓய்வு பெற்ற ஆணையையும், பங்களிப்பு எண்ணையும், கடைசி மாதச் சம்பளப் பட்டியலையும் மூன்று நகல் எடுத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறார். நியமனப் படிவத்தையும் மாற்றி எழுத வேண்டும் என்றார். அவருடைய தாயார் இன்னும் உயிரோடு இருக்கிறார், எண்பத்து நான்கு வயது.